காவிரியில் தூண்டில் போட கயாக்கா, கேனோவா, இறங்கி நிற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணைக்குக் கீழிருந்து முக்கொம்பு வரை காவிரியில் தூண்டில் போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இதிலுள்ள கணக்குகளும் கட்டு முறைகளும் பவானிக்கும் தாமிரபரணிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயர்களைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். கயாக் என்பது உட்கார்ந்து துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு; கேனோ அதைவிடப் பெரிய திறந்த படகு.

மூன்றில் எது நல்லது?

ஆற்றின் எந்தத் துண்டில் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடையில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் ஏரி போலத் தேங்கி நிற்கும். ஆழம் அதிகம், ஓட்டம் குறைவு, கரையோரம் நாணலும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்கும். கரையிலிருந்து வீசினால் மீன் இருக்கும் இடத்துக்குத் தூண்டில் எட்டாது. அங்கே கயாக்.

கரூர் தாண்டினால் ஆறு அகன்று மணலாகிவிடும். கோடையில் முழங்கால் அளவு ஓடைகளாகப் பிரிந்து ஓடும். அங்கே கயாக்கைத் தண்ணீரில் ஓட்டுவதைவிட மணலில் இழுக்கும் நேரம்தான் அதிகமாகும். இறங்கி நடப்பதே மேல்.

இருவர் சேர்ந்து, சாமான்களோடு, ஒரு நாள் முழுக்கத் தேங்கிய நீரில் இருக்கப்போகிறீர்கள் என்றால் கேனோ. எந்தப் பக்கம் போவது என்றே முடிவாகவில்லை, கையில் பைக் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரு கழியும் பழைய கேன்வாஸ் ஷூவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் வருடத்துக்கு அது போதும்.

எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?

ஆழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது காலைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இடுப்பளவு தேங்கிய நீரில் நிம்மதியாக நிற்கிறவர், தொடையளவு வேகநீரில் நிற்க முடியாமல் போவது அதனால்தான்.

ஆற்று நீரை அளக்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஆழத்தை அடியில் எடுங்கள். வேகத்தை விநாடிக்கு எத்தனை அடி என்று எடுங்கள். இரண்டையும் பெருக்கினால் 10 வருகிறதா? அவர்களே இறங்கமாட்டார்கள். அவர்கள் பழகியவர்கள், கவனம் முழுக்கக் காலில் இருக்கும். உங்கள் கவனம் தக்கையில் இருக்கும். ஆகவே மணல் தரையில் 6, பாசி பிடித்த பாறையில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை அளக்க, கரையில் 30 அடி நடந்து இரண்டு அடையாளம் வையுங்கள். ஓட்டம் வருகிற பக்கத்து அடையாளத்தில் ஒரு குச்சியைப் போட்டு விநாடி எண்ணுங்கள். 10 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 3 அடி. அந்த ஓட்டத்தில் 2 அடி ஆழம் உங்கள் எல்லை, அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே. 20 விநாடி எடுத்தால் வேகம் 1.5 அடி, 4 அடி வரை கணக்கு இடம் கொடுக்கும். ஆனால் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் உடம்பு மிதக்கத் தொடங்கி, பாதம் தரையில் பிடிப்பை இழக்கும். கணக்கு என்ன சொன்னாலும் இடுப்போடு நில்லுங்கள்.

மணல் குழி இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முழுமையாக முடியாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் இறங்கி நிற்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். ஓரத்து மணல் இறுகியிருக்காது, ஏற முயன்றால் சரிந்துகொண்டே வரும்.

சில அடையாளங்கள் உண்டு. சுற்றிலும் தண்ணீர் சலசலத்து ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் மேற்பரப்பு கண்ணாடி போல இருக்கும். நிறம் வெளிர்பழுப்பிலிருந்து சட்டென்று கரும்பச்சைக்கு மாறும். கரையில் லாரித் தடம் ஆற்றுக்குள் இறங்கியிருந்தால், அது முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் கால் வைக்காதீர்கள். தடுப்பணை, பாலத் தூண் இவற்றின் கீழ்ப்பக்கமும் நீர் அரித்த குழி இருக்கும்.

ஆறடி மூங்கில் கழியை முன்னால் குத்திப் பார்த்து, அது தரையைத் தொட்ட பிறகுதான் கால். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். போன வாரம் நின்ற இடம்தானே என்று போகவேண்டாம். ஒரு தடவை தண்ணீர் திறந்துவிட்டால் மணல் இடம் மாறிவிடும். மார்பில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இந்த மணலில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முழங்கால் தண்ணீருக்கு ஜாக்கெட்டா என்று கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஓட்டத்தில் கால் வழுக்கி விழுந்தால்?

உடனே எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கால் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் உடம்பை முன்னால் மடக்கி முகத்தை அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள், பாதங்கள் ஓட்டம் போகிற பக்கம் பார்த்து மேலே மிதக்கட்டும், கைகளால் கரையை நோக்கிச் சாய்வாகத் துழாவுங்கள். முழங்காலுக்குக் கீழே ஆழம் குறைந்த பிறகு எழுந்திருங்கள். கையிலுள்ள தூண்டில் ராடை விட்டுவிடுங்கள்.

காலில் என்ன போடுவது?

கயிறு கட்டிய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு மணலில் கழன்று போகும், கம்பூட்டில் தண்ணீர் நிறைந்தால் காலைத் தூக்க முடியாது. வெறுங்காலோடு நிற்பது நம் வழக்கம்தான். ஆனால் படித்துறையைச் சுற்றி உடைந்து கிடக்கும் பாட்டில்களைப் பார்த்தவர்கள் அப்படி இறங்கமாட்டார்கள்.

எந்த மாதிரிக் கயாக் வாங்கலாம்?

உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை வேண்டாம். மேலே உட்காரும் வகையை வாங்குங்கள். அதன் தளத்தில் மேலிருந்து கீழாகத் துளைகள் இருக்கும். உள்ளே வரும் தண்ணீர் தானாக வடியும், கவிழ்ந்தாலும் மூழ்காது, திரும்ப ஏறலாம்.

நீளம் 10 முதல் 12 அடி, அகலம் 32 முதல் 36 அங்குலம். இதைவிடக் குறுகினால் வேகம் கிடைக்கும், ஆனால் பக்கவாட்டில் திரும்பி வீசும்போது ஆடும். தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் 70 சதவீதத்தை மட்டும் நம்புங்கள். 150 கிலோ என்றால் உங்களையும் சாமானையும் சேர்த்து 105 கிலோ. அதைத் தாண்டினால் படகு தாழ்ந்து, அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் மேலே ஏறி, நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

துடுப்பு 230 முதல் 250 செ.மீ. அகலமான படகுக்குக் குட்டைத் துடுப்பு வாங்கினால் ஒவ்வொரு தள்ளலிலும் கை படகில் இடிக்கும். அந்தச் சத்தம் மீனுக்கும் கேட்கும்.

எடையையும் யோசியுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் 25 முதல் 40 கிலோ. காரின் மேல் ஏற்றிவிடலாம். கார் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை கால் கிலோமீட்டர் கொதிக்கும் மணல் இருந்தால் என்ன செய்வீர்கள்? சின்னச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி மணலில் புதையும், பெரிய காற்றடைத்த சக்கரம் வேண்டும். பைக்கில் போகிறவர்களுக்குக் காற்றடைக்கும் கயாக் ஒன்றே வழி. 12 முதல் 18 கிலோ இருக்கும். கருவேல முள்தான் அதற்கு எமன், ஒட்டுப்பொருள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பெடல் வைத்த கயாக்?

கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும் என்பது பெரிய லாபம். ஆனால் பெடலின் இறக்கை படகுக்கு அடியில் ஒன்றரை அடி வரை தொங்கும். கதவணைத் தேக்கத்தில் சரி, பாறையும் மணலும் உள்ள இடத்தில் அடிபடும். மீனவர்கள் விரித்த செவுள்வலையில் சிக்கினால் உங்களுக்கும் நஷ்டம், அவர்களுக்கும் நஷ்டம். வரிசையாகத் தெர்மோகோல் துண்டோ காலி பாட்டிலோ மிதந்தால் அது வலை. சுற்றிப் போங்கள்.

கேனோவுக்கு என்ன சிறப்பு? நமக்குத்தான் பரிசல் இருக்கிறதே?

கேனோ 14 முதல் 16 அடி நீளமுள்ள திறந்த படகு. இருவர், ஐஸ் பெட்டி, மதியச் சாப்பாடு, குடை எல்லாம் கொள்ளும். கயாக்கைவிட உயரமாக உட்காருவதால் தண்ணீருக்குள் நன்றாகத் தெரியும், முதுகும் அவ்வளவு வலிக்காது. பின்னால் இருப்பவர் படகைப் பிடிக்க, முன்னால் இருப்பவர் வீசுவார்; மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இருவரும் ஒரே சமயத்தில் வீசினால் தூண்டில் முள் ஏதாவது ஒரு காதில் போய் நிற்கும்.

அதன் பலவீனம் காற்று. உயர்ந்த பக்கங்களைக் காற்று பிடித்துக்கொள்ளும். ஆடி மாதப் பிற்பகலில் தேங்கிய நீரில் கேனோவைத் தனியாளாக நேரே செலுத்துவது பெரும்பாடு. தனியாகப் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு காற்றாடி போலத் திரும்பும். அப்படிப் போக நேர்ந்தால் 15 லிட்டர் தண்ணீர்க் கேனை முன்னால் வைத்துக் கட்டுங்கள். ஏற்றியபின் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் அரை அடியாவது நிற்க வேண்டும். கேனோவுக்கு வடிகால் துளை கிடையாது, உள்ளே வந்த தண்ணீரை நீங்கள்தான் இறைக்க வேண்டும். முழுக்க நிறைந்த கேனோ பல நூறு கிலோ கனக்கும். ஓட்டத்தில் அதற்கும் பாறைக்கும் நடுவில் ஆள் நின்றால் நசுங்கிவிடுவார்.

பரிசலைக் கேனோவோடு ஒப்பிடாமல் இருப்பது நல்லது. வட்டமாக இருப்பதால் அரையடித் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் வழுக்கிப் போகும், எந்தப் பக்கத்திலிருந்தும் வீசலாம். ஆனால் துடுப்பை முன்னால் போட்டு இழுக்கும் வித்தை கைவராதவருக்கு அது சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு பரிசல்காரரோடு போனால் ஆறும் தெரிந்துவிடும், மீன் எந்த மடுவில் கிடக்கும் என்பதும் தெரிந்துவிடும். பரிசலில் எழுந்து நிற்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.

கயாக்கை ஓடும் தண்ணீரில் எப்படி நிறுத்தி வைப்பது?

கயாக் விபத்துகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. படகின் நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டவே கூடாது. கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும், அதே விளிம்பில் ஓட்டம் வந்து மோதி ஏறும். இரண்டு விநாடி போதும், கவிழ்ந்துவிடும். முனையில்தான் கட்ட வேண்டும், முன்முனையோ பின்முனையோ. உட்கார்ந்த இடத்திலிருந்து முனை எட்டாது என்பதால், பக்கவாட்டில் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு கயிற்றைச் சுற்றி ஓட்டி, அதில் ஒரு வளையத்தை மாட்டி, நங்கூரக் கயிற்றை அதன் வழியாக விடுவார்கள். நங்கூரத்தைக் கைப்பக்கம் இறக்கிவிட்டு, வளையத்தை இழுத்து முனைக்குத் தள்ளிவிடலாம்.

நங்கூரம் ஒன்றரைக் கிலோ, மடக்கும் நாலுகொக்கி வகை. தேங்கிய நீரில் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு, ஓட்டத்தில் ஐந்து முதல் ஏழு மடங்கு. 8 அடி ஆழம் என்றால் 40 முதல் 56 அடி. கயிறு குறைந்தால் நங்கூரம் செங்குத்தாக இழுபட்டுப் பிடிவிட்டுப் போகும்.

பாறையில் கொக்கி மாட்டிக்கொண்டால்? கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல், அடியில் கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டுங்கள். அங்கிருந்து தண்டு வழியாக மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் மட்டும் இணையுங்கள். மாட்டிக்கொண்டால் வலுவாக இழுக்க, பட்டை அறுந்து நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். சாக்கில் கல்லைப் போட்டு இறக்குகிற நம்மூர் முறையும் பாறைத் தரைக்கு நல்லதே.

கயிற்றின் படகுப் பக்க முனையில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. அதற்கு அப்பால் ஒரு மிதவை. பெரிய மீன் இழுத்தாலோ கட்டை மிதந்து வந்தாலோ கயிற்றை விட்டுவிட்டுப் போகலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டில் மார்புக்கு நேரே இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்த கத்தி கவிழ்ந்த பிறகு உதவாது. 30 அடியைக் குச்சி 10 விநாடிக்குள் கடந்தால் நங்கூரமே வேண்டாம். பாறைக்குப் பின்னால் ஓட்டம் திரும்பிச் சுழலும் அமைதியான இடத்தில் கயாக்கின் மூக்கை நுழைத்து நிறுத்துங்கள். மீனும் அந்த விளிம்பில்தான் இரைக்குக் காத்திருக்கும்.

ஓட்டத்தோடு போய்விட்டு அதே வழியில் திரும்பலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன்பிடிக் கயாக்கை நிதானமாகச் செலுத்தினால் மணிக்கு நாலரை கி.மீ. ஓட்டம் விநாடிக்கு 3 அடி என்றால் மணிக்குச் சுமார் 3.3 கி.மீ. போகும்போது 7.8, வரும்போது 1.2. ஒரு மணி நேரம் ஜாலியாகப் போன தூரத்தைத் திரும்பக் கடக்க ஆறரை மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு நிமிடம்கூடத் துடுப்பை நிறுத்தாமல். முதலில் எதிர்ஓட்டத்தில் போங்கள், களைத்தபின் ஓட்டம் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கவிழ்ந்தால் திரும்ப ஏறுவது எப்படி?

ஓட்டத்தில் என்றால் படகுக்கு ஓட்டம் வருகிற பக்கம் இருங்கள், போகிற பக்கம் மாட்டாதீர்கள். படகு தலைகீழாக இருந்தால் அடிப்பாகத்தின் மேல் சாய்ந்து எதிர் விளிம்பைப் பிடித்து, உடல் எடையைப் பின்னால் போட்டுப் புரட்டுங்கள். இருக்கைக்கு நேரே இரு கையையும் வைத்து, கால்களை நீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்தபடி, வயிறு படகின் குறுக்கே வரும்வரை சறுக்கி ஏறுங்கள். பிறகு மல்லாந்து இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே இழுங்கள். கையால் உந்தி மேலே எழும்பப் பார்த்தால் படகு உங்கள் மேலேயே புரளும். அந்த ஒரு தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

மார்பளவு தேங்கிய நீரில் ஐந்து தடவை பழகிய பிறகு மீன்பிடிக்கப் போங்கள். போன், சாவி, பெட்டி எல்லாவற்றையும் கட்டியிருங்கள். ஆனால் ஓடும் நீரில் துடுப்பையும் ராடையும் நீளக் கயிற்றால் கட்டிவைத்தால், அதுவே காலில் சுற்றும்.

ராடும் இரையும் மாற வேண்டுமா?

கயாக்கில் ஆறரை முதல் 7 அடி ராடு. மீன் ஒருபக்கமிருந்து மறுபக்கம் ஓடும்போது நுனியைப் படகின் மூக்கைச் சுற்றிக் கொண்டுவர முடிய வேண்டும். நின்று போடுகிறவர் 8 அடி வரை போகலாம். தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் இழை, தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்க அது உதவும்.

நின்று பிடிக்கும்போது மீனை நீங்கள் இழுக்கிறீர்கள். கயாக்கில் மீன் உங்களையும் சேர்த்து இழுக்கும். அதனால் தங்கூசி அறுபடுவது குறைவு, ஆனால் வாளை ஒன்று நாணலுக்குள் உங்களைக் கொண்டுபோய்ச் சொருகிவிடும். கெளுத்தி பிடித்தால் மடியில் போடாதீர்கள். பக்க முள் தொடையில் ஏறும். கைப்பிடி குட்டையான வலையும், வாயைக் கவ்வும் பிடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மண்புழு, மாவு உருண்டை எல்லா முறைக்கும் பொது. நாணல் ஓர விராலுக்கு ரப்பர் தவளையை வீச, கயாக்கை மிஞ்ச எதுவும் இல்லை; கரைக்கு இணையாக மிதந்தபடி ஓரத்தை நோக்கி வீசலாம். கரையில் நிற்பவருக்கு அந்தக் கோணம் கிடைக்காது.

திடீரென்று தண்ணீர் ஏறுமா?

ஏறும். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்குத் திறக்கப்படும். அதற்குக் கீழே ஒவ்வொரு கதவணையிலும் மின்னுற்பத்திக்கு ஏற்ப நீர் கூடும், குறையும். காலையில் கணுக்கால் இருந்த திட்டு மதியம் இடுப்பாகலாம். கிளம்பும் முன் செய்தியில் மேட்டூரில் திறக்கும் கன அடியைப் பாருங்கள், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு நீர்வரத்தையும் பாருங்கள். தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அது விரல் அளவு மூழ்கினாலே கரையேறுங்கள். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் நுரையும் மிதந்து வருவதும் அதற்கு முந்திய எச்சரிக்கை. ஆற்று நடுத் திட்டில் நிற்பவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் முதலில் நிரப்புவது உங்களுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை.

தடுப்பணைக்கு அருகே எந்தப் படகிலும் போகாதீர்கள். மேலிருந்து விழும் தண்ணீர் கீழே உருண்டு திரும்பி அணையை நோக்கியே வரும். அதில் விழுந்தவரை லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் சுற்றிச் சுற்றி உள்ளேயே வைத்திருக்கும். ஓட்டம் வருகிற பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரியும்.

முதலை?

ஒகேனக்கல் பகுதியிலும், கீழே கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும் உண்டு. அங்கெல்லாம் இறங்கி நிற்பதை விடுங்கள். எங்கே நின்றாலும் பிடித்த மீனைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

அனுமதி வேண்டுமா?

இடத்தைப் பொறுத்து. ஒகேனக்கலுக்கு மேலே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் ஆகிவிட்டன, அங்கே தூண்டில் போடுவதை மறந்துவிடுங்கள். அணைகளிலும் தேக்கங்களிலும் மீன்பிடி உரிமை மீன்வளத்துறையிடமோ குத்தகைதாரரிடமோ சங்கத்திடமோ இருக்கும். படித்துறையில் வலை காயவைக்கும் ஒருவரைக் கேட்டால் யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிடுவார். காவிரியின் கூன்முதுகு மஹசீர் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. ஆரஞ்சு நிறத் துடுப்போடு எங்காவது சிக்கினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலேயே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

கயாக்கில் போய், இறங்கி நின்று பிடிக்கலாமா?

அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் கட்சி. கரையிலிருந்து நடந்து எட்ட முடியாத மணல் திட்டுகளும் பாறைகளும் காவிரியில் நிறைய. அங்கே போய்ச் சேரக் கயாக், மீனைப் பிடிக்கக் கால். திட்டின் கீழ்ப்பக்கம், ஓட்டம் குறைந்த ஓரத்தில் ஒதுங்குங்கள். இறங்கும் முன் துடுப்பைக் குத்தி ஆழம் பாருங்கள். இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, கயாக் உங்களுக்கு ஓட்டம் போகிற பக்கம் இருக்கும்படி இறங்குங்கள். கயாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள். நீங்கள் வழுக்கினால் அது உங்களை இழுத்துப் போகும். முழுசாக மணல்மேல் ஏற்றி, நங்கூரத்தையும் மணலில் புதைத்துவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் அரையடி ஏறினால், முதலில் கிளம்பிப் போவது கயாக்தான்.